ஹெச்-1பி வேலை போனபின் 60 நாள்: கணக்கை ஐ-94-இல் தொடங்குங்கள்

கேள்வி: டாலஸில் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன், இது ஒன்பதாவது ஆண்டு. ஈபி-2 என்ற கிரீன் கார்டு பிரிவில் ஐ-140 (கம்பெனி எனக்காகப் போட்ட கிரீன் கார்டு மனு) 2021 ஜூனில் அப்ரூவ் ஆனது. பிரயாரிட்டி டேட், அதாவது கிரீன் கார்டு வரிசையில் என் இடத்தைக் காட்டும் தேதி, 2020 மே. மார்ச் 6 அன்று லே-ஆஃப் என்று சொல்லி லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். சம்பளம் மார்ச் 20 வரை உண்டு, அதன்பின் எட்டு வாரச் செவரன்ஸ் (பணிநீக்க இழப்பீடு). ஐ-140-ஐ வாபஸ் வாங்கப்போவதாக எச்ஆர் சொல்கிறார். மனைவி ஹெச்-4 (ஹெச்-1பி-காரரின் குடும்பத்துக்கான விசா) நிலையில், ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டையோடு வேலை பார்க்கிறார். மகளுக்கு 14 வயது, இந்தியாவில் பிறந்தவள். டிசம்பர் கடைசியில் மூவரும் கோவை போய்த் திரும்பினோம். ஐ-797 (ஹெச்-1பி அப்ரூவல் நோட்டீஸ்) 2027 வரை இருக்கிறது. பாஸ்போர்ட்டை மட்டும் ஏப்ரல் 28-க்குள் புதுப்பிக்க வேண்டும். வேலை போனபின் இங்கே இருக்கத் தரும் 60 நாள் எந்தத் தேதியில் முடிகிறது? கிரீன் கார்டு வரிசையில் என் இடம் போய்விடுமா? பேசாமல் ஊருக்குப் போய் அங்கிருந்து வேலை தேடலாமா?

பதில்: நீங்கள் போகிறபோக்கில் எழுதிய பாஸ்போர்ட் விஷயத்தில்தான் ஆபத்து இருக்கிறது. இன்றே சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையான சிபிபி-யின் ஐ-94 (எந்த நாள் வரை தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு) இணையதளத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் கொடுத்து, டிசம்பர் பயணம் முடிந்து நுழைந்தபோது எந்தத் தேதி வரை அனுமதி தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பாஸ்போர்ட் முடியும் நாளோடு ஐ-94-ஐயும் வெட்டிக் கொடுப்பது விமான நிலையத்தில் வழக்கமாக நடப்பது. உங்களுக்கும் அப்படி நடந்திருந்தால் அதில் ஏப்ரல் 28 என்று இருக்கும். ஐ-797-இன் அடியில் அச்சாகியிருக்கும் 2027 பழைய கதை. கடைசியாகக் கிடைத்த ஐ-94 எதுவோ அதுதான் செல்லும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும் ஐ-94 தானாக நீளாது.

விதி சொல்வது இதுதான்: வேலை முடிந்தபின் அதிகபட்சம் 60 நாள், அல்லது ஐ-94 முடியும் நாள், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை. வேலை முடிந்த நாள் என்பதை, சம்பளம் கொடுக்கப்பட்ட கடைசி நாளை வைத்தே குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் பொதுவாகப் பார்க்கிறது. செவரன்ஸ் அந்தக் கணக்கில் வராது. எட்டு வாரம் கொடுத்தாலும் ஒரு நாள்கூடக் கூடாது. மார்ச் 20-ஐ வைத்தால் மே 19 வரை வரும். ஆனால் வேலை செய்யாமல் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்த இரண்டு வாரத்தை அதிகாரி ஏற்பாரா என்பது விவாதத்துக்குரியது. அதனால் மார்ச் 6-லிருந்து எண்ணுவதே பாதுகாப்பு. அப்படி எண்ணினால் மே 5. ஐ-94 ஏப்ரல் 28 என்று இருந்துவிட்டால் இந்த விவாதத்துக்கே வேலையில்லை, அதுதான் கெடு.

அந்த நாளுக்குள் புது கம்பெனியின் ஹெச்-1பி மனு யுஎஸ்சிஐஎஸ் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அப்ரூவ் ஆக வேண்டியதில்லை. ஆனால் கூரியரில் போட்டுவிட்டோம் என்பதும், ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது என்பதும் போதாது. இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். மனுவோடு சான்றளிக்கப்பட்ட எல்சிஏ (சம்பளம், வேலை நிபந்தனைகள் பற்றிய கம்பெனியின் உறுதிமொழி) வைக்க வேண்டும். அதற்குத் தொழிலாளர் துறை ஏழு வேலை நாள் எடுக்கும். கம்பெனி இதுவரை எல்சிஏ போட்டதே இல்லையென்றால், அதன் வரி எண்ணைச் சரிபார்க்க இன்னும் சில நாள் போகும். வக்கீல் காகிதம் சேர்க்க ஒரு வாரம். ஏப்ரல் 28-லிருந்து பின்னோக்கிக் கழித்தால், ஆஃபர் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் கையில் இருக்க வேண்டும். இன்டர்வியூவின் கடைசிச் சுற்றில், தயங்காமல், "என் மனு இந்தத் தேதிக்குள் ஃபைல் ஆக வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். ஆஃபர் வந்தபின் சொன்னால் அவர்களுடைய வக்கீல் ஆபீஸ் தன் வரிசைப்படிதான் நகரும்.

மனு சேர்ந்த ரசீது வந்ததும் புது இடத்தில் வேலை தொடங்கச் சட்டம் இடம் தருகிறது. கூடுதல் கட்டணம் கட்டிப் பிரீமியம் (விரைவுப் பரிசீலனை) போட்டால் 15 வேலை நாளில் பதில் தெரிந்துவிடும். கடைசி மூன்று பே ஸ்லிப், எல்லா ஐ-797-களும், டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பள, வரிப் படிவம்), பட்டச் சான்று, ஐ-140 அப்ரூவல் நோட்டீஸ் ஆகியவற்றை ஒரே கோப்பாக இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். ஐ-140 நகலைத் தர கம்பெனி மறுத்தால் ரசீது எண்ணையாவது கேட்டு வாங்குங்கள். மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் கொண்ட எண் அது. நகலை எஃப்ஓஐஏ (தகவல் அறியும் சட்டம்) வழியாக யுஎஸ்சிஐஎஸ்-இடமே கேட்கலாம், ஆனால் 60 நாளுக்குள் வரும் என்று நம்பி இருக்காதீர்கள்.

அடுத்து ஐ-140. எச்ஆர் சொன்னதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டிய ஐ-140-ஐ கம்பெனி வாபஸ் வாங்கினாலும், அந்த ஒரு காரணத்துக்காக அது ரத்தாவதில்லை. 2017 ஜனவரி 17 முதல் நடைமுறையில் உள்ள விதி இது. உங்களுடையது அந்த எல்லையை என்றோ தாண்டிவிட்டது. அதனால் 2020 மே உங்களோடு வரும். ஆறு ஆண்டு தாண்டிய உங்களுக்குப் புது கம்பெனி அதே ஐ-140-ஐக் காட்டி மூன்று ஆண்டு ஹெச்-1பி கேட்கலாம். மோசடி, லேபர் சர்டிஃபிகேஷன் (ஐ-140-க்கு முன் தொழிலாளர் துறை தரும் சான்று) ரத்து, அப்ரூவலிலேயே பெரிய பிழை என்று ஏதாவது தெரியவந்தால்தான் தேதி கைவிட்டுப் போகும்.

ஆனால் தேதி மட்டும்தான் உங்களோடு வரும், வேலை வராது. கிரீன் கார்டு கிடைக்க, புது கம்பெனி பெர்மையும் (அந்த லேபர் சர்டிஃபிகேஷன் வாங்கும் நடைமுறை) ஐ-140-ஐயும் முதலிலிருந்து செய்ய வேண்டும். முதலில் பிரிவெய்லிங் வேஜ் (அந்த வேலைக்கு அந்தப் பகுதியில் நிலவும் சம்பளத்தை நிர்ணயிப்பது), பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை விளம்பரம், மாநில வேலைவாய்ப்புத் துறையில் 30 நாள் அறிவிப்பு, அதன்பின் மனு. இப்போதைய வேகத்தில் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஓடிவிடும். வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினின் 2025 அக்டோபர் இதழில் இந்தியாவுக்கான ஈபி-2 ஃபைனல் ஆக்‌ஷன் தேதி (பிரயாரிட்டி டேட் இதற்கு முந்தியவர்களுக்கே கிரீன் கார்டு) 2013 ஏப்ரல் 1. வரிசை அவ்வளவு பின்தங்கி இருப்பதால் அந்த இரண்டு ஆண்டுத் தாமதம் உங்களை நேராகப் பாதிக்காது. இருந்தாலும் ஆஃபரை ஏற்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: பெர்ம் எப்போது தொடங்குவார்கள், கடந்த ஆறு மாதத்தில் அதே தொழிலில் அந்தப் பகுதியில் ஆட்குறைப்பு நடந்ததா, வக்கீல் செலவு யாருடையது. ஆட்குறைப்பு நடந்திருந்தால், அனுப்பப்பட்ட அமெரிக்க ஊழியர்களுக்கு அந்த வேலையைத் தெரிவித்துப் பரிசீலிக்க வேண்டும். பல கம்பெனிகள் பெர்மை நிறுத்திவைப்பது இதனால்தான். பெர்ம் செலவு முழுவதும் கம்பெனியின் பொறுப்பு, உங்களிடம் வசூலிப்பது சட்டவிரோதம்.

இந்த நேரத்தில் சில கன்சல்டன்சிகள் தேடி வரும்: "பணம் கட்டுங்கள், உடனே ஃபைல் பண்ணித் தருகிறோம், புராஜெக்ட் பிறகு பார்க்கலாம்." வேண்டாம். வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் நாட்களுக்கும் சம்பளம் தர வேண்டும் என்பதே ஹெச்-1பி சட்டம். இல்லாத வேலைக்குப் போட்ட மனு பின்னால் மோசடி என்று முடிந்தால், இத்தனை ஆண்டாகக் காத்த தேதிக்கும் சேர்த்து வேட்டு வைத்துவிடும்.

ஊருக்குப் போகும் யோசனைக்கு என் பதில்: இப்போது வேண்டாம். நாட்டை விட்டு வெளியேறிய கணம் 60 நாள் சலுகை முடிந்துவிடும். அதைவிடப் பெரிய தடை ஒன்றும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 21 முதல், அமெரிக்காவுக்கு வெளியே செல்லுபடியாகும் ஹெச்-1பி விசா இல்லாமல் இருப்பவருக்காகப் போடும் புது மனுவுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்ற ஆணை வந்தது. உள்ளே இருந்தபடி கம்பெனி மாறி, நீட்டிப்பும் கிடைத்துவிட்டால் அந்தத் தொகை கிடையாது. ஆணை மீது வழக்குகள் உண்டு, காலமும் மாறும். மனு போடும் நாளில் நிலவரத்தை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரை என்று முடிகிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். கணக்கு அதைப் பொறுத்தும் மாறும்.

ஏப்ரல் நடுவரை ஆஃபர் வரவில்லை என்றால் அடுத்த வழி ஐ-539: பி-2 வருகையாளர் நிலைக்கு மாற்றக் கோரும் மனு. உங்களோடு மனைவி, மகள் பெயரையும் சேர்த்துப் போடலாம். இதுவும் கெடு நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். பதில் வரும்வரை இங்கே இருக்கலாம், சம்பள வேலை மட்டும் கூடாது. இதன் விலையையும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த நிலையில் பிறகு ஹெச்-1பி மனு போட்டால் ரசீதை வைத்து வேலை தொடங்க முடியாது, அப்ரூவல் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே இது மாற்று வழிதான், முதல் வழியாக நினைக்காதீர்கள்.

குடும்பத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சறுக்கல் அங்கேயும் வரும். மூவருடைய ஐ-94-ஐயும் தனித்தனியாகப் பாருங்கள். குழந்தைகளின் இந்தியப் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் என்பதால் மகளின் தேதி வேறாக இருக்கலாம். உங்கள் ஹெச்-1பி நீண்டால் அவர்களுடைய ஹெச்-4 தானாக நீளாது. ஐ-539 தனியாகப் போட வேண்டும், உங்கள் மனுவோடு ஒரே உறையில் அனுப்பச் சொல்லுங்கள். மனைவியின் ஈஏடி ஹெச்-4-ஐச் சார்ந்தது. 2025 அக்டோபர் 30 முதல் போடும் ஈஏடி புதுப்பிப்புகளுக்குத் தானியங்கி நீட்டிப்பு இல்லை. கார்டு முடிந்த நாளில் புதுக் கார்டு கையில் இல்லையென்றால் அவர் வேலையை நிறுத்தியாக வேண்டும். முடிவதற்கு 180 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். அந்த முதல் நாளிலேயே போடச் சொல்லுங்கள்.

உங்கள் கிரீன் கார்டோடு சேர மகள் 21 வயதுக்குள் இருக்க வேண்டும், அதற்கு ஏழு ஆண்டு இருக்கிறது. ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களை அவள் வயதிலிருந்து கழிக்கும் சிஎஸ்பிஏ (குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம்) சலுகை உண்டு. ஆனால் வயதை எந்த நாளில் நிறுத்துவது என்பதற்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபைனல் ஆக்‌ஷன் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள், எப்போது விண்ணப்பிக்கலாம் என்று காட்டும் டேட்ஸ் ஃபார் ஃபைலிங்கை அல்ல. 2020 தேதியை வைத்துக்கொண்டு அதை நம்பி இருப்பது கஷ்டம். கல்லூரி வயதில் எஃப்-1 (மாணவர் விசா) வழி தேவைப்படலாம் என்று இப்போதே திட்டத்தில் வையுங்கள்.

எச்ஆரோடு இன்னும் பேச்சுவார்த்தை இருக்கிறது என்றால் இரண்டு விஷயம். ராஜினாமா என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கம்பெனியே வேலையை விட்டு எடுத்தால், நீங்கள் ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவைக் கொடுக்க அது கடமைப்பட்டது. குடும்பத்தினருக்கு இது பொருந்தாது, ராஜினாமா செய்தால் உங்களுக்கும் கிடையாது. இரண்டாவது, லெட்டர்ஹெட்டில் அனுபவச் சான்று: பதவி, முழு நேரம் என்ற குறிப்பு, தொடங்கிய தேதி, முடிந்த தேதி, செய்த வேலையின் விவரம், பயன்படுத்திய தொழில்நுட்பங்கள். புது கம்பெனியின் பெர்மில் இந்த ஆண்டுகளைக் காட்ட இதுதான் ஆதாரம். எச்ஆர் பதவியும் தேதியும் மட்டும் எழுதித் தந்தால், மேனேஜரும் வேறு கம்பெனிக்குப் போவதற்குள் அவரிடம் தனிக் கடிதம் வாங்கிவிடுங்கள்.