மேளத்துக்குக் காட்டும் கை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஹாங்காங் படங்கள் பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சென்ற வாரம் 1959-இல் வந்த ‘இளவரசி சாங் பிங்’ படத்தைப் பார்த்தேன். இளவரசியின் மணவாளனாக நடித்த யாம் கிம்-ஃபாய் ஒரு பெண் என்று படம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. வியப்பாக இருந்தது, ஆனால் படத்தோடு ஒட்ட முடியவில்லை. கண்ணை உருட்டுகிறார்கள், கையை வீசுகிறார்கள், எல்லாமே மிகை நடிப்பு. மேடையிலிருந்து வந்தவர்களால் கேமராவுக்கு நடிக்க முடியாது என்பது சரிதானே? அவர் 300 படங்களுக்கு மேல் நடித்தார், அவற்றில் பல ஒரே வாரத்தில் எடுக்கப்பட்டவை என்றும் படித்தேன். அப்படியானால் அதில் கலை எங்கே இருக்கும்? அவரும் உடன் நடித்த பாக் சூட்-சின்னும் வாழ்க்கையிலும் இணையா? தென்சீனத்தின் பாட்டு நாடகமான கான்டனீஸ் ஓபராவைப் புரிந்துகொள்ள எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

ச.

அன்புள்ள ச.,

இணையா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். அவர்கள் வீட்டுக்குள் நடந்தது நமக்கு வேண்டாம். மேடையில் நடந்ததே நம் ஆயுசுக்குப் போதும்.

பெண் ஆண் வேடம் போட்டதில் இவ்வளவு வியப்புக்கும் இடமில்லை. ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் நடிக்க ஹாங்காங்கில் 1933-இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை ஆண்கள் மட்டுமே உள்ள குழுக்கள், பெண்கள் மட்டுமே உள்ள குழுக்கள். பெண்கள் குழுவில் யாரோ ஒருவர் நாயகன் ஆகத்தானே வேண்டும்? 1913-இல் தென்சீனாவின் நான்ஹாயில் பிறந்த யாம் பதின்வயதில் அந்த வழிக்கு வந்தார். அவருடைய ஆசிரியையும் அதே நாயக வேடக்காரிதான். அந்நாளில் புகழ்பெற்றிருந்த க்வாய் மிங்-யோங் என்ற நடிகரின் நடையையும் பாட்டையும் பார்த்துப் பார்த்துப் பழகியதால் ‘பெண் க்வாய் மிங்-யோங்’ என்றே அவரை அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஹாங்காங்குக்கு அருகிலுள்ள மக்காவ் நகரில் நடித்தார். பாக்கும் அங்கே அதே குழுவில் இருந்தார். 1956-இல் இருவரும் சேர்ந்து சின் ஃபுங் மிங் குழுவைத் தொடங்கினார்கள். இதெல்லாம் எங்கும் கிடைக்கும், நீங்களே தேடிப் படித்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ஒரு வரி. ஒரு வாரத்தில் எடுத்த படத்தில் கலை எங்கே இருக்கும் என்கிறீர்கள். இதைச் சில மாதங்களாகப் பலரிடமும் கேட்கிறேன், எல்லோரும் ஒரே தொனியில் சொல்கிறார்கள். ஒரு வாரத்தில் அப்படி ஒரு படத்தை எடுக்க முடிந்தது எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

அந்தத் தலைமுறை நடிகர்கள் வளர்ந்தது குறிப்புத்தாள் நாடகங்களில். மேடைக்குப் பின்னால் ஒரு தாள் தொங்கும். காட்சிகளின் வரிசை, யார் எப்போது உள்ளே வருவது, எந்த இடத்தில் எந்த மேளம், இவ்வளவுதான் அதில் இருக்கும். வசனம் கிடையாது, பாட்டு வரிகளும் கிடையாது. நின்ற இடத்தில் நடிகர்தான் கட்ட வேண்டும். இதைக் கேட்டதும் வாய்க்கு வந்ததைப் பாடினார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதற்கு ஓர் இலக்கணம் உண்டு.

பொங்-வோங் என்பது கான்டனீஸ் ஓபராவின் பாட்டு முறை. அடிகள் இரண்டிரண்டாக வரும். மேலடியின் கடைசிச் சொல் ஒரு வகைத் தொனியில், அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தில், முடிய வேண்டும், கீழடியின் கடைசிச் சொல் இன்னொரு வகைத் தொனியில். எந்தத் தாளத் தட்டில் எந்தச் சொல் விழும், அடி எந்தச் சுரத்தில் போய் நிற்கும் என்பதெல்லாம் விதி. ஆண் குரலுக்கு நிற்கும் சுரம் வேறு, பெண் குரலுக்கு வேறு. இடையில் வரும் மெட்டை யாரும் எழுதித் தருவதில்லை. கான்டனீஸில் ‘ஸி’ என்ற ஒரே அசை, தொனிக்கு ஏற்பக் கவிதை ஆகும், வரலாறு ஆகும், நேரம் ஆகும், சந்தை ஆகும். மெட்டு சொல்லின் தொனியை மீறினால் கேட்பவருக்குப் பொருள் மாறிவிடும். ஆகவே பாடுபவர் ஒவ்வொரு சொல்லின் தொனியையும் பார்த்து, அதற்கு மேலே மெட்டைக் கட்டிக்கொண்டே போக வேண்டும். சொல் மாறினால் மெட்டும் மாறும், விதி மாறாது.

இந்தப் பயிற்சி பத்து இருபது வருடம் உள்ளவரிடம் காலையில் புதிய பாட்டுத் தாளைக் கொடுத்தால் மாலையில் ஒலிப்பதிவு முடிந்துவிடும். ஒத்திகை என்று தனியாக எதுவும் வேண்டாம். அவருடைய ஒத்திகை எல்லாம் 14, 15 வயதில் தொடங்கி எப்போதோ முடிந்தவை. தயாரிப்பாளர்கள் அந்த உழைப்பை இலவசமாக எடுத்துக்கொண்டு ஏழு நாளில் படத்தை முடித்தார்கள் என்பதுதான் நடந்தது. அவசரம் தயாரிப்பாளருடையது. நிறையப் படங்களில் அட்டைச் சுவர் ஆடுகிறது, விளக்கு தவறாக விழுகிறது, உண்மைதான். ஆனால் அந்த ஆடும் சுவருக்கு முன்னால் நிற்பவரின் பாட்டில் ஒரு தட்டு பிசகியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்காமல் கலை எங்கே என்று எழுதாதீர்கள்.

இனி மிகை நடிப்பு. கையை வீசுகிறார்கள் என்கிறீர்கள். மேடையில் அந்தக் கை யாருக்கு என்று தெரியுமா? பாதி உங்களுக்கு, பாதி மேளக்காரருக்கு. தாளத்தை நடத்துபவர் மேடையின் பக்கத்தில் உட்கார்ந்து நடிகரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்து எந்த வகைப் பாட்டு என்பதற்குக் கைக்குறிகளே உண்டு. சட்டையின் நீண்ட வெள்ளைக் கையை உதறி மணிக்கட்டில் மடித்து நிறுத்தினால், அந்த நிறுத்தத்தில்தான் கோங் என்ற வெண்கலத் தட்டின் அடி விழும். கண் முதலில் போகும், கை கண்ணைத் தொடரும், கால் நிற்கும், அப்போது மேளம் முடிக்கும். நடிகர் கால் வினாடி முந்தினால் அடி வெற்றிடத்தில் விழும். பிந்தினால் அவர் மேளத்துக்குப் பயந்தவர்போலத் தெரிவார். நீங்கள் மிகை என்று சொன்னது அளவு எடுத்து வெட்டிய அசைவு.

படத்தில் இது ஏன் உங்களுக்கு ஒட்டவில்லை என்பதற்குக் காரணம் வேறு. பாட்டு பெரும்பாலும் முன்கூட்டியே பதிவாகிவிடும், படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு வாயசைப்பார்கள். மேடையில் மேளம் நடிகரின் பின்னால் வந்தது, இங்கே நடிகர் மேளத்தின் பின்னால் போக வேண்டும். உறவே தலைகீழ். அதற்கு மேல் ஷாட் பிரியும். முழு உருவத்தில் தொடங்கிய கையசைவு அண்மைக் காட்சியில் வெட்டுப்படும்போது சட்டைக் கை சட்டகத்துக்கு வெளியே போய்விடும். கண்ணின் அசைவு மட்டும் மிஞ்சும், அது உருட்டுவதுபோலத் தெரியும். அது நடிகரின் பிழை அல்ல, எங்கே வெட்டுவது என்று தெரியாத படத்தொகுப்பாளர் கையின் பிழை.

ஒப்பனையிலும் இதே கதை. மேடையில் கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் அடர்ந்த சிவப்பு. கறுப்பு வெள்ளைச் சுருளில் சிவப்பு சாம்பல் நிழலாக விழும், மேடை அளவுக்குப் பூசினால் கன்னம் ஒட்டிப்போனவர்போல ஆகிவிடும். அதனால் குறைக்க வேண்டும். புருவத்தை மேலே தூக்கி நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை கட்டுவார்கள். தளர்ந்தால் கண் இறங்கிவிடும், தலையணியும் நழுவும். இறுகினால் சிறிது நேரத்தில் தலை சுற்றும், வாந்தி வரும். மேடையில் நாலு மணி நேரம் அதைத் தாங்கலாம். படப்பிடிப்பில் விளக்கு சரியாகும்வரை அதே கட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

யாம் செய்தது என்ன என்று கேட்டால், குறைத்தார். ஆண் நடையின் சாரம் பாதத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று அங்குலத் தடிமனுள்ள வெள்ளை அடி வைத்த காலணி. காலைத் தூக்கி அடியைக் காட்டி வைப்பது மேடை நடை. படத்தில் அவர் அந்தத் தூக்கலைத் தாழ்த்திக்கொண்டார், தோளின் நிலையை மட்டும் மாற்றவில்லை. குரலையும் தடிப்பாக்கவில்லை. இயல்பான குரலிலேயே ஆண் வேடத்துக்குப் பாடினார், பாக்கின் மெல்லிய உச்சக் குரல் பக்கத்தில் வரும்போது அது தானாகவே ஆண் குரலாகிவிடும்.

நீங்கள் பார்த்த படத்தின் கடைசிக் காட்சியையே மறுபடி பாருங்கள். மிங் வம்சம் அழிந்துவிட்டது. இளவரசியும் அவள் மணவாளனும் திருமண இரவில் நஞ்சு கலந்த மதுவைக் குடிக்கிறார்கள். நாடகத்தை எழுதிய தாங் தீக்-சாங், பிப்பா என்ற சீன நரம்புக் கருவிக்கான பழைய மெட்டு ஒன்றுக்குச் சொல் எழுதிய பாட்டு அது. இங்கே பொங்-வோங்கின் சுதந்திரம் கிடையாது, மெட்டு கட்டிவைத்தது, சொல் அதற்குள் உட்கார வேண்டும். யாமின் முகத்தை மட்டும் கவனியுங்கள். பாக் பாடும்போது அவர் எதுவும் செய்வதில்லை, கேட்கிறார். கேட்பதற்கு முகத்தை விட்டுக்கொடுக்கத் தெரிந்தவரை மிகை நடிகர் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

தாங் 1959 செப்டம்பரில் தன் புதிய நாடகத்தின் முதல் இரவில் அரங்கிலேயே சுருண்டு விழுந்தார், பிறகு மருத்துவமனையில் இறந்தார். யாமின் கடைசிப் படம் 1968-இல் வந்தது, ‘லி ஹௌஜூ’, வண்ணத்தில், வருடக்கணக்கில் எடுக்கப்பட்டது. அவசரமில்லாத படமும் அவரிடம் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். யாமும் பாக்கும் பயிற்றுவித்த மாணவிகளில் லூங் கிம்-சாங்கும் ஆண் வேடத்துக்கே வந்தார், அவரை வைத்து 1976-இல் ‘இளவரசி சாங் பிங்’கை மறுபடி படமாக்கியவர் ஜான் வூ. ஆமாம், துப்பாக்கிப் படங்களின் அதே ஜான் வூதான்.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். 1959-இலேயே வந்த ‘வண்ணத்துப்பூச்சியும் சிவப்புப் பேரிப் பூவும்’ பாருங்கள். இயக்குநர் லீ தித் எங்கே வெட்டக்கூடாது என்று அறிந்தவர். பார்த்துவிட்டு எழுதுங்கள், ஆனால் மேளத்தைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.