பாக்கி நோட்டும் பைலட் பாண்டும்

வாசகர் கேள்விகளுக்கு ஈரோட்டிலிருந்து ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் தோட்டம். ஒரே பெண். பைலட் ஆகணும் என்று பத்தாவது படிக்கும்போதிருந்தே ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு ஏக்கரை விற்று, பேங்கிலும் கடன் வாங்கி லைசென்ஸ் எடுக்க வைத்தோம். வேலைக்குச் சேர்ந்த கம்பெனி தன் செலவில் ஏடிஆர் என்ற சின்ன விமானத்துக்குப் பயிற்சி கொடுத்தது. ஐந்து வருடம் இருக்க வேண்டும், இடையில் போனால் 18 லட்சம் கட்ட வேண்டும் என்று பாண்டு எழுதி வாங்கியது. ஜாமீன் கையெழுத்து நான்தான் போட்டேன். தொகை எழுதாத செக் இரண்டும் கொடுத்திருக்கிறேன். இப்போது 38 மாதம் முடிந்துவிட்டது. பெரிய விமானம் ஓட்ட வேறு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். பழைய கம்பெனியோ 18 லட்சம், அதற்கு வட்டி, அதன் மேல் ஜிஎஸ்டி எல்லாம் வைத்துவிட்டுப் போ என்கிறது. தோட்டத்தை ஜப்தி பண்ணிவிடுவார்களா? 'ராத்திரியோட ராத்திரியா ஒரு மெயிலைப் போட்டுட்டு வந்துரச் சொல்லுங்க, என்ன பண்ணிருவாங்க' என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.
– பெயர் வேண்டாம், கோபி

பதில்: முதல் வேலையாக அந்தச் சொந்தக்காரர்களுக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பி வையுங்கள். அவர்கள் சொல்வதைச் செய்தால்தான் நிஜமாகவே சிக்கல் வரும்.

தோட்டத்துக்கு வருவோம். அடமானம் எழுதிக் கொடுக்காத நிலத்தில் கம்பெனிக்காரர் நேரே வந்து கை வைக்க முடியாது. வழக்குப் போட்டு, ஜெயித்து, டிக்ரி என்ற தீர்ப்பு உத்தரவு வாங்கி, அதற்கும் நீங்கள் பணம் கட்டாமல் விட்டால்தான் ஜப்தி என்ற பேச்சே. வழக்கு நடக்கும்போதே ஜப்தி கேட்கலாம்தான். ஆனால் வசூலைத் தடுக்க நீங்கள் சொத்தைக் கைமாற்றப் பார்க்கிறீர்கள் என்று அவர்கள் காட்ட வேண்டும். அதனால் பயந்துபோய் மச்சினர் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதும் வேலையெல்லாம் வேண்டாம். அதற்காக ஜாமீன் கையெழுத்தை லேசாகவும் நினைக்காதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தில் ஜாமீன்தாரரும் கடன்காரரும் ஒரே தராசில்தான். மகள் எவ்வளவு தர வேண்டுமோ, அவ்வளவுக்கு நீங்களும் பொறுப்பு.

ஆகவே, அந்த 'எவ்வளவு' என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் அப்பா பள்ளிபாளையத்தில் எட்டுத் தறி போட்டிருந்தார். விசைத்தறியில் ஆள் சேர்க்கும்போது முன்பணம் கொடுப்பார்கள், அதற்குப் பேர் பாக்கி. பட்டறைச் சுவரில் ஆணி அடித்து, ஒரு நீள நோட்டைப் பாவு நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு ஓரமெல்லாம் கறுத்திருக்கும். ஆளுக்கு ஒரு பக்கம். தறிக்காரர் வேறு பட்டறைக்குப் போவதானால், புது முதலாளி சனிக்கிழமை சாயங்காலம் பணத்தோடு வருவார். அப்பா எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போடுவார். அவ்வளவுதான், ஆள் விடுதலை. பெரிய கம்பெனிகளுக்கிடையிலும் இதேதான் நடக்கிறது. பைலட் அவசரமாகத் தேவைப்படும் புதுக் கம்பெனி, பழைய பாண்டுத் தொகையைத் தானே ஏற்றுக்கொள்வதும் உண்டு. ஆனால் அந்தப் பணத்துக்குத் தன் பங்குக்குப் புதிதாக ஒரு பாண்டு எழுதி வாங்கிக்கொள்ளும். கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அப்பாவின் நோட்டில் எனக்குச் சின்ன வயதிலேயே உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. பத்து வருடம் தறி ஓட்டினவர் பக்கத்தில்கூடப் பாக்கி குறைந்திருக்காது. தீபாவளிக்கு ஆயிரம், பிள்ளைக்குக் காது குத்த இரண்டாயிரம் என்று ஏறித்தான் இருக்கும். உங்கள் பெண்ணின் பாண்டு அப்படி இருக்கக் கூடாது. பயிற்சிக்குக் கம்பெனி ஒரு தொகை செலவழித்தது, ஐந்து வருட உழைப்பில் அதை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டது. 38 மாதம் அவள் விமானம் ஓட்டியிருக்கிறாள். அந்த அளவுக்கு அவர்கள் எடுத்தும் விட்டார்கள். இன்னமும் முழு 18 லட்சத்தைக் கேட்டால், கொடுத்த பயிற்சிக்கு இரண்டு தரம் விலை கேட்பதாகத்தானே அர்த்தம்?

சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான நஷ்டஈடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். டெல்லி உயர் நீதிமன்றம் 2011-இல் ஒரு வழக்கில் என்ன செய்தது தெரியுமா? மூன்று வருட பாண்டு, தொகை 2 லட்சம். ஊழியர் இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தார். கம்பெனி அவருக்குச் செலவழித்ததாகக் காட்டியது சுமார் 67 ஆயிரம். அதில் மூன்றில் ஒரு பங்கு, 22,532 ரூபாய் மட்டும் கட்டச் சொன்னது. இதைப் படித்துவிட்டு பாண்டு என்றாலே செல்லாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2025 மே மாதம், பாண்டில் சொன்ன மூன்று வருடம் முடியும் முன்பே விலகிய ஒரு வங்கி அதிகாரியிடம் 2 லட்சம் வாங்கியது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் கை நிறையச் சம்பளம் வாங்கியவர், அது கட்ட முடியாத தொகையல்ல என்பதையும் கவனித்தது. விமானியின் சம்பளத்தையும் நீதிபதி அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்.

இனி நோட்டீஸ், அதாவது வேலையை விடுவதற்கு முன்கூட்டியே சொல்ல வேண்டிய காலம். பாண்டு வேறு, இது வேறு. விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதுதான் டிஜிசிஏ, 2017-இல் போட்ட விதிப்படி கேப்டனுக்கு ஒரு வருடம், கோ-பைலட்டுக்கு ஆறு மாதம். உங்கள் பெண் இன்னும் கோ-பைலட்தான் என்று கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஆறு மாதம். கம்பெனியே தடையில்லாச் சான்று கொடுத்தால் முன்னாடியும் போகலாம். ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினால், பணத் தகராறாக இருப்பது அவள் பெயரோடும் தொழிலோடும் ஒட்டிக்கொள்ளும். 2023-இல் நாற்பதுக்கும் மேற்பட்ட பைலட்டுகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் போய்விட்டார்கள் என்று ஆகாசா ஏர் நிறுவனம் மும்பை உயர் நீதிமன்றம் வரை போனது உங்களுக்கும் நினைவிருக்கும்.

ஆனால் அந்த ஆறு மாதத்தை நஷ்டம் என்று நினைக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து என்னோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள். 60 மாதத்துக்கு 18 லட்சம் என்றால் மாதத்துக்கு 30 ஆயிரம். இன்றைக்கே போனால் மீதி 22 மாதம், 6 லட்சத்து 60 ஆயிரம். நோட்டீஸ் கொடுத்து ஆறு மாதமும் ஓட்டிவிட்டுப் போனால் மீதி 16 மாதம், 4 லட்சத்து 80 ஆயிரம். சம்பளமும் வாங்கிக்கொண்டே 1 லட்சத்து 80 ஆயிரம் குறைகிறது. நீதிமன்றம் இதே கணக்கைத்தான் போடும் என்று நான் கையடித்துத் தர மாட்டேன். பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது கையில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல தாள் கிடையாது. பாண்டில் காலம் 'பணியிலிருந்து விடுவிக்கப்படும் நாள்' வரையா, 'ராஜினாமா கொடுத்த நாள்' வரையா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். ஒரு வரிதான், அதில் இருக்கிறது அந்த 1 லட்சத்து 80 ஆயிரம்.

கூடவே, பயிற்சிக்கு உண்மையில் என்ன செலவானது, சிமுலேட்டருக்கு எவ்வளவு, தங்குவதற்கு எவ்வளவு என்று ரசீதோடு கேட்டு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். வட்டி என்ற சொல்லே பாண்டில் இல்லையென்றால் எந்தக் கணக்கில் வட்டி என்று கேட்கலாம். ஜிஎஸ்டி விஷயம் இன்னும் சுலபம். இடையில் விலகும் ஊழியர் கட்டும் பாண்டுத் தொகைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2022 ஆகஸ்ட்டிலேயே மத்திய அரசு சுற்றறிக்கை விட்டாயிற்று. அதன் நகலை மெயிலோடு இணைத்துவிடுங்கள்.

எனக்கு உண்மையான கவலை அந்த இரண்டு செக்குகள்தான். நம்ம பக்கத்தில் ஃபைனான்ஸ்காரரிடம் வெற்று செக் கொடுப்பதை வெற்றிலை பாக்கு கொடுப்பது மாதிரி ஆக்கிவைத்திருக்கிறோம். செக் நம்பர், கொடுத்த தேதி, எதற்காகக் கொடுத்தது என்று குறிப்பிட்டு, 'கணக்கு முடிவாகாமல் இதில் தொகை எழுதி வங்கியில் போடக் கூடாது' என்று இப்போதே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். மீறிப் போட்டு செக் திரும்பினால், முப்பது நாளுக்குள் உங்களுக்கு நோட்டீஸ் வரும். அது கைக்கு வந்த நாளிலிருந்து பணம் கட்ட உங்களுக்குப் பதினைந்து நாள். அந்தக் கவரைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்காமல் அன்றைக்கே வக்கீலிடம் கொண்டுபோங்கள். இது கிரிமினல் வழக்காகக்கூடியது. செக்குக்குப் பணம் தராதே என்று பேங்கில் ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பேங்க் வாசலில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பாப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஏடிஆர் ஓட்டும் தகுதி அவள் லைசென்ஸில் ஏறியது. லைசென்ஸ் கொடுத்தது டிஜிசிஏ. பணத் தகராறைக் காட்டிக் கம்பெனி அதைப் பிடுங்க முடியாது.

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போட மூன்று வாரம் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர் அதே கம்பெனி சூப்பர்வைசர். இரண்டு வருடத்துக்குள் போனால் ஒரு லட்சம் என்று எழுதி வாங்கி, டிகிரி ஒரிஜினலையும் வைத்துக்கொண்டார்கள். பைலட்டுக்கும் எனக்கும் ஒரே சட்டமா?
– ஒரு வாசகி, அவிநாசி

பதில்: சட்டம் ஒன்றுதான் அம்மணி, செலவுதான் வேறு. விமானப் பயிற்சிக்கு வெளியே பணம் கட்டியதற்கு ரசீது இருக்கும். சூப்பர்வைசர் டீ நேரத்தில் சொல்லிக் கொடுத்ததற்கு ஒரு லட்சம் எங்கே செலவானது என்று அவர்கள் காட்டட்டும். ஒரிஜினலைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி இருக்காது.

கேள்வி: மகன் பிளஸ் டூ, கணக்கும் இயற்பியலும் எடுத்திருக்கிறான். பைலட் படிப்புக்கு இப்போதே நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்கலாமா?
– ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: டிஜிசிஏ வைத்திருக்கும் மெடிக்கலில் முதலில் கிளாஸ் 2, அப்புறம் கிளாஸ் 1 என்று இரண்டு உண்டு. இரண்டிலும் பையன் தேறட்டும். அதற்கு முன் அட்வான்ஸ் வாங்கினால், மெடிக்கலில் நின்றுபோன பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வருவீர்கள்.