கொப்புளம் எங்கிருந்து வருகிறது? தோல் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

கொப்புளம் என்றாலே உடம்புச் சூடு என்று சொல்லிவிட்டு இளநீர் வாங்கிக் கொடுக்கிறோம். பெரும்பாலும் அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் சில கொப்புளங்கள் காத்திருக்காது. இந்த முறை வந்த கேள்விகளில் அப்படிப்பட்டவை நிறைய இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: மேல்தோல் முழுக்க செல்கள்தான் என்றால், தேய்த்தாலும் இழுத்தாலும் அவை பிரியாமல் இருப்பது எப்படி? நடுவில் பசை ஏதாவது இருக்கிறதா?

பதில்: பசை போல வேலை செய்யும் புரதங்கள் இருக்கின்றன. ஆனால் தோலின் பலம் அதில் மட்டும் இல்லை, செல்லுக்குள்ளும் இருக்கிறது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கெரட்டின் என்ற புரதத்தாலான இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஓர் இழையின் பருமன் சுமார் 10 நானோமீட்டர். இந்த இழைகள் செல்லின் ஓரத்தில் டெஸ்மோசோம் என்ற இணைப்பில் வந்து மாட்டிக்கொள்கின்றன. அதே இணைப்பின் மறுபக்கத்தில் பக்கத்துச் செல்லின் இழைகள் மாட்டியிருக்கும். வெளியே டெஸ்மோக்ளீன், டெஸ்மோகோலின் என்ற புரதங்கள் இரு செல்களையும் கோக்கின்றன. உள்ளே டெஸ்மோபிளாக்கின் என்ற புரதம் இழையைப் பிடித்து வைக்கிறது. கயிற்றுக் கட்டிலில் ஓரிடத்தில் உட்கார்ந்தால் எல்லாக் கயிறும் சேர்ந்து பாரத்தை வாங்குகிறதல்லவா, இங்கும் அதுதான் நடக்கிறது. அடிவரிசைச் செல்கள் மட்டும் கீழ்ப்பக்கத்தில் ஹெமிடெஸ்மோசோம் மூலமாக அடித்தோலோடு பிணைந்திருக்கும்.

இதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது ஓர் அழகு. ஸ்லைடு தயாரிக்கும்போது செல்கள் சுருங்கும். டெஸ்மோசோம் உள்ள இடங்கள் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் செல்லைச் சுற்றி முள் முளைத்தது போலத் தெரியும். அந்த அடுக்குக்கு முள்செல் அடுக்கு என்றே பெயர். அந்தச் சந்திப்புகளில் சிறு முடிச்சுகள் இருப்பதை இத்தாலிய மருத்துவர் ஜூலியோ பிட்ஸொஸெரோ 1860களிலேயே பார்த்துவிட்டார்.

புதுச் செருப்பு கடித்து வரும் கொப்புளமும் இந்த முள்செல் அடுக்கு கிழிவதால் வருவதுதான். அடிவரிசை அப்படியே இருப்பதால் தழும்பில்லாமல் ஆறிவிடும். மேல் தோலை மட்டும் பிய்த்து எடுக்காதீர்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பிறந்ததிலிருந்து கை, கால்களில் கொப்புளம் வருகிறது. தவழத் தொடங்கியதும் முழங்காலிலும் வந்தது. வெயில் காலத்தில் அதிகம். கர்ப்பத்தில் நான் சாப்பிட்டது ஏதாவது காரணமா?

பதில்: இல்லை அம்மா. நீங்கள் சாப்பிட்டதோ சாப்பிடாததோ எதுவும் காரணமில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், எபிடெர்மோலைசிஸ் புல்லோசா சிம்ப்ளெக்ஸ் என்ற பரம்பரை நோயாக இருக்குமோ என்று முதலில் பார்க்க வேண்டும். அடிவரிசைச் செல்களின் இழைகள் கெரட்டின் 5, கெரட்டின் 14 என்ற இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து உருவாகுபவை. இவற்றில் ஒன்றின் மரபணுவில் பிழை இருந்தால் இழை சரியாகச் சேராது. சாதாரண உரசலுக்கே செல் நடுவில் கிழிந்துவிடும். செல்லுக்குச் செல் உள்ள இணைப்பு நன்றாகத்தான் இருக்கும், கிழிவது செல்லேதான். அமெரிக்காவில் எலைன் ஃபூக்ஸின் ஆய்வகம் 1991இல் பழுதான கெரட்டின் 14 மரபணுவை எலிகளில் செலுத்தியபோது அவற்றின் தோல் கொப்புளித்தது. அதே ஆண்டில் நோயாளிகளிடமும் அந்த மரபணுவில் பிழை இருப்பது தெரிந்தது. உள்ளிழைகள்தான் தோலைத் தாங்குகின்றன என்பது அப்படித்தான் உறுதியானது.

பெரும்பாலும் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் வரலாம். சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில், இருவரிடமும் மறைந்திருக்கும் பிழை சேர்ந்து வரும் வகையும் உண்டு. தோலில் சிறு துண்டெடுத்துப் பார்க்கும் பயாப்சியும் மரபணுப் பரிசோதனையும் எந்த வகை என்று சொல்லிவிடும். அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும் முன் இது தெரிந்திருப்பது அவசியம்.

அதுவரை: குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் மறுகையைக் கழுத்துக்குப் பின்னும் கொடுத்துத் தூக்குங்கள். தோலில் பிளாஸ்திரி ஒட்டவே கூடாது. சட்டையின் தையல் உறுத்தினால் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். பெரிய கொப்புளத்தை ஸ்டெரைல் ஊசியால் குத்தி நீரை வடித்துவிட்டு, தோலை அப்படியே மூடி விடுங்கள். விட்டுவைத்தால் அது பக்கவாட்டில் பரவும். வளர வளரப் பல பிள்ளைகளுக்குக் கொப்புளம் குறைகிறது.

கேள்வி: 70 வயதான அப்பாவுக்கு உடம்பெல்லாம் நீர்க் கொப்புளம். அக்கி என்று சொல்லி காவி பூசி எழுதினார்கள். குறையவில்லை.

பதில்: அக்கி பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாக, வலியோடு வரும். உடம்பெல்லாம் என்றால் வேறு ஏதோ. புண்ணில் இனி எதையும் பூசாமல் உடனே தோல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

நம் எதிர்ப்புச் சக்தியே டெஸ்மோக்ளீனைத் தாக்கினால் அது பெம்ஃபிகஸ். கொப்புளம் தளர்ந்து இருக்கும், தொட்டால் உடையும். பலருக்கு மாதக்கணக்கில் ஆறாத வாய்ப்புண்தான் முதல் அறிகுறி. தாக்குதல் ஹெமிடெஸ்மோசோம் மேல் என்றால் அது பெம்ஃபிகாய்டு. முதியவர்களுக்கு அதிகம் வருவது இதுதான். மேல்தோல் முழுத்தடிமனோடு எழும்புவதால் கொப்புளம் விறைப்பாக இருக்கும், அரிப்பு தாங்காது. பயாப்சி எடுத்து, தாக்குதல் எங்கே நடக்கிறது என்பதை ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனை பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஸ்டீராய்டு வருவதற்கு முன் பெம்ஃபிகஸ் பெரும்பாலும் உயிரைப் பறித்த நோய். 1980களில் டில்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா கொண்டுவந்த பல்ஸ் சிகிச்சை (இடைவெளி விட்டு அதிக அளவு ஸ்டீராய்டு ஏற்றுவது) இந்தியாவில் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தது. இப்போது ரிடுக்ஸிமாப் ஊசியும் இருக்கிறது. ஆரம்பித்த ஸ்டீராய்டை மட்டும் தானாக நிறுத்த விடாதீர்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பையனுக்குக் காய்ச்சல் வந்து தோல் வெந்தது போல உரிகிறது. வாய் நன்றாக இருக்கிறது.

பதில்: இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியின் நச்சு டெஸ்மோக்ளீன் 1ஐ மட்டும் வெட்டும்போது இப்படி உரியும். வாய்க்குள் டெஸ்மோக்ளீன் 3 பிடித்துக்கொள்வதால் அங்கே புண் வராது. ஆண்டிபயாடிக் கொடுத்தால் தழும்பில்லாமல் ஆறும். வாய், கண் எல்லாம் புண்ணாகி, சில வாரங்களுக்குள் வலிப்பு மாத்திரையோ சல்ஃபா மருந்தோ சாப்பிட்டிருந்தால் அது வேறு, இன்னும் ஆபத்தானது. சாப்பிட்ட மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி: பார்லரில் கெரட்டின் ட்ரீட்மெண்ட் செய்தால் தோலும் பலமாகுமா?

பதில்: ஆகாது. செல்லுக்குத் தேவையான கெரட்டினைச் செல்லே உள்ளிருந்து தயாரிக்கிறது. வெளியே தடவுவது முடிமேல்தான் நிற்கும்.

கேள்வி: தம்பி மகனுக்குப் பிறவியிலேயே கம்பளி போலச் சுருண்ட முடி. உள்ளங்கை, உள்ளங்கால் காய்த்துத் தடித்திருக்கின்றன. க்ரீம் போதுமா?

பதில்: க்ரீம் தடவட்டும், ஆனால் இதயத்தையும் பார்க்க வேண்டும். கிரேக்கத்தின் நக்ஸோஸ் தீவில் இதே அடையாளங்கள் உள்ள குடும்பங்களில் இதயத் துடிப்புக் கோளாறு இருப்பதை 1986இல் மருத்துவர்கள் எழுதினார்கள். டெஸ்மோசோமின் பிளாகோகுளோபின் புரதத்தில் உள்ள பிழையே காரணம் என்பது 2000இல் தெரிந்தது. இதயத் தசைச் செல்களையும் டெஸ்மோசோம்தான் கோக்கிறது. இப்படிச் சுருண்ட முடியும் தடித்த உள்ளங்கை, உள்ளங்காலும் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு ஈசிஜியும் எக்கோவும் எடுத்தே ஆக வேண்டும். விளையாடும்போது மயக்கம் போட்டிருந்தால் இதய மருத்துவர் பார்க்கும்வரை ஓட்டப் பந்தயத்தில் சேர்க்க வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவையுங்கள்.