ஹால்லயே நடந்தா போதுமா, வெளிய போகணுமா?

கேள்வி: டாக்டர், எங்க வீட்டுக்காரருக்கு 58 வயசுங்க, சுகர் இருக்குது. பையன் ட்ரெட்மில் வாங்கிக் குடுத்ததுல இருந்து டிவி பாத்துட்டே அரை மணி நேரம் அதுல நடக்கறாரு. ரேஸ்கோர்ஸ் பக்கத்துலதான், அங்க போய் நடங்கன்னா "எங்க நடந்தா என்ன, நடை நடைதானே"ங்கறாரு. யாரு சொல்றது சரிங்க?
- ஒரு வாசகி, கோவை

பதில்: சுகரை மட்டும் வச்சுப் பாத்தா அவர் சொல்றது சரிதாம்மா. நடக்கும்போது தொடையும் கெண்டைக்காலும் வேலை செய்யுது, வேலை செய்யற தசை ரத்தத்துல ஓடற குளுக்கோஸை இன்சுலினுக்குக் காத்திருக்காம தானே இழுத்துக்கும், அது ரேஸ்கோர்ஸ்ல நடந்தாலும் அப்படித்தான், ஹால்ல நடந்தாலும் அப்படித்தான். ராத்திரி சாப்பிட்டு முடிச்சு பத்து பதினஞ்சு நிமிஷம் மெதுவா நடந்தா சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறற சுகர் குறையும், அந்த நேரத்துக்கு ட்ரெட்மில் ரொம்ப சௌகரியம். அதை விட்டுட வேண்டாம்.

ஆனா ஒரு நாள் பக்கத்துல நின்னு அவர் நடக்கறதைப் பாருங்க. ரெண்டு கையும் முன்னாடி இருக்கற கம்பியைப் பிடிச்சிருக்கா? டிவி பாத்துட்டு நடக்கறவங்க நிறைய பேர் பிடிச்சுக்கறாங்க. பிடிச்சா உடம்பு எடையில ஒரு பங்கு கைக்குப் போயிடும், கை வீச மாட்டாங்க, இடுப்பு திரும்பாது, மெஷின்ல காட்டற கலோரியையும் நம்ப முடியாது. கையை விட்டு நடந்தாலும் பெல்ட் சமமா ஓடுது, ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரிதான் விழும். வெளிய அப்படி இல்ல, பிளாட்பாரம் ஏறி இறங்கணும், எதிர்ல வர்றவங்களுக்கு ஒதுங்கணும், பள்ளத்தைத் தாண்டணும், யாராவது கூப்பிட்டா நடந்துட்டே திரும்பணும், இதெல்லாம் கணுக்காலுக்கும் இடுப்போட பக்கவாட்டுத் தசைக்கும் பேலன்ஸுக்கும் வேலை. வயசாக ஆக கீழ விழறதுதான் பெரிய பயம், அதனால வாரத்துல பாதி நாளாவது அவரை வெளிய கிளப்பிடுங்க. பேசிட்டே நடக்க முடியணும், பாட்டு பாட மூச்சு பத்தக்கூடாது, அதுதான் சரியான வேகம்.

ரெண்டு விஷயத்துல கண்டிப்பா இருங்க. பார்க்குல கூழாங்கல் பதிச்ச எட்டு வடிவப் பாதையில செருப்பில்லாம நடந்தா நல்லதுன்னு யாராவது சொல்வாங்க, சுகர் இருக்கறவங்களுக்கு வேண்டவே வேண்டாம். பாதம் மரத்துப் போயிருந்தா கல்லு குத்தினதே தெரியாது, புண்ணு பெருசானப்புறம்தான் ஓடி வருவாங்க. ஷூ போட்டு நடக்கட்டும், வந்ததும் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாக்கட்டும். இன்சுலின் போடறவரா இருந்தா, நடக்கும்போது சுகர் திடீர்னு இறங்கினா வாயில போட்டுக்க பாக்கெட்ல ரெண்டு மிட்டாய் இருக்கணும்.

அப்புறம் ஒண்ணு கேக்கறேன், நீங்க நடக்கறீங்களான்னு கடிதத்துல ஒரு வரி கூட இல்லயேம்மா? அவரோட நீங்களும் போங்க. போயிட்டு வந்து வீட்ல செய்ய வேண்டியதும் ஒண்ணு இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது, பெரியவங்களுக்கு வாரம் 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான பயிற்சி, அதோட வாரம் ரெண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டற பயிற்சி. இந்த ரெண்டாவதை நம்ம ஊர்ல யாரும் கண்டுக்கறதே இல்ல, "தினமும் வாக்கிங் போறேனே"ன்னு முடிச்சுக்கறாங்க, எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம். மாதவிடாய் நின்னப்புறம் பெண்களுக்கு எலும்பு வேகமா வலுவிழக்கும், நடை மட்டும் அதைத் தடுக்கப் போதாது. நகராத மரச் சேரைச் சுவரோட ஒட்டிப் போடுங்க, கையை நெஞ்சுல குறுக்கக் கட்டிக்கிட்டு கையூணாம எழுந்திரிங்க, உட்காரும்போது தொப்புன்னு விழாம மூணு எண்ணி மெதுவா இறங்குங்க. பத்து தடவை செஞ்சு கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. முழங்கால் வலிச்சா சேர் மேல தலகாணி வச்சு உயரத்தைக் கூட்டிக்கங்க. அப்புறம் சுவத்துல கை வச்சுத் தள்ளற புஷ்அப். இதுக்கு எந்த மெஷினும் வேண்டாம், அவருக்கும் இது அவசியம்.

கேள்வி: வொர்க் ஃப்ரம் ஹோம்ல இருக்கேன் சார், வயசு 31. வெயிட் ஏறிடுச்சு. சைக்கிள் வாங்கட்டுமா, வீட்டுக்குள்ளயே ஓட்டற எக்சர்சைஸ் பைக்கா?
- ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: ரோட்டு சைக்கிளே வாங்குங்க தம்பி. நாள் பூரா வீட்டுக்குள்ளயே இருக்கீங்க, பயிற்சியையும் அதே ரூமுக்குள்ள கொண்டுவந்தா கொஞ்ச நாள்ல சலிச்சுடும். காய்கறிக்கும் மருந்துக் கடைக்கும் சைக்கிள்ல போங்க, அதுக்குன்னு தனியா நேரம் ஒதுக்க வேண்டியதில்ல. இசிஆர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், வண்டிங்க வேகமா போற ரோடு, பழகினப்புறம் விடியக்காலையில ஹெல்மெட்டும் பின்னாடி சிவப்பு லைட்டும் இல்லாம போகாதீங்க. சீட் உயரத்தை முதல்லயே சரி பண்ணிடுங்க, பெடல் அடியில இருக்கும்போது குதிகாலை அதுல வச்சா கால் நேரா நீளணும், மடங்கினா சீட் தாழ்வா இருக்குன்னு அர்த்தம், முழங்கால் வலியோட வர்ற சைக்கிள்காரங்க பல பேருக்கு காரணம் இதுதான்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, அப்போ அபார்ட்மென்ட் மாடிப்படி இருக்கே! 1953ல ஜெர்ரி மாரிஸ்ங்கற டாக்டர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாரு, உட்கார்ந்தே ஓட்டற டிரைவர்களைவிட நாள் பூரா படி ஏறி இறங்கின கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவா இருந்துச்சு. எக்சர்சைஸ் பைக் ஏற்கனவே வீட்ல இருந்தா ஃபேனை நேரா முகத்துக்கு வச்சு ஓட்டுங்க, எதிர்காத்து இல்லாததால வேர்வை காயாம உடம்பு சூடாகி சீக்கிரமே களைச்சுடுவீங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 9 வயசு. யூடியூப் பாத்து தினமும் ஜும்பா ஆடுறா. அது போதுமா டாக்டர்?
- ஒரு தாய், திருச்சி

பதில்: இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லதுதான், ஆடட்டும், ஆனா கண்ணுக்குப் போதாது. வீட்டுக்குள்ள இருக்கற வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ்ங்கறது வெளிச்சத்தை அளக்கற அலகு), வெளிய மர நிழல்லயே அதைவிடப் பல மடங்கு இருக்கும், அந்த வெளிச்சத்துல நேரம் போக்கற பிள்ளைங்களுக்குக் கிட்டப்பார்வை வர்றது குறையுது. தைவான்ல 2010ல இருந்து பள்ளிப் பிள்ளைங்களை தினமும் ரெண்டு மணி நேரம் வெளிய இருக்க வைக்க அரசே திட்டம் போட்டு நடத்துது. ஸ்கூல் விட்டதும் டியூஷனுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் தெருவுலயோ மொட்டை மாடியிலயோ விளையாட விடுங்க, ஜும்பாவையும் போனை உள்ள வச்சுட்டு பாட்டை மட்டும் போட்டு மாடியிலயே ஆடலாம்.