ரேடியோப் பெட்டி: எது அசல் கன்ட்ரி பாட்டு?

போன மாதம் பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் ஒலித்த, அமெரிக்க நாட்டுப்புறத்தில் பிறந்த கன்ட்ரி பாட்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பேர் பழைய பாட்டுக்கு வக்காலத்து, மீதிப் பேர் புதுசுக்கு. இந்த முறை முழுக்க அந்தக் கடிதங்கள்தான்.

கே: என் மாமனார் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு கன்ட்ரி என்றால் ஜிம் ரீவ்ஸ், ஹேங்க் வில்லியம்ஸ். காலேஜ் படிக்கும் என் மகள் போனிலேயே அமெரிக்க கன்ட்ரி ஸ்டேஷன்களை வைத்துக் கேட்கிறாள். "இது டிஸ்கோ, இதுக்குப் பேரு கன்ட்ரியா?" என்று அவர் சத்தம் போடுவார். "தாத்தா கேக்கறது எல்லாம் தாலாட்டு" என்பாள் இவள். சாப்பிட உட்கார்ந்தால் தினமும் இதே பஞ்சாயத்து. யார் சொல்வது சரி?
— வாசகி, பெரம்பூர்

ப: உங்கள் மாமனார் வயதுக்காரர்களை எனக்கு நன்றாகத் தெரியும் அம்மா. நான் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்து வரும் செட்டுகளைத் திறக்காமலேயே அடையாளம் சொல்லிவிடுவேன். சிற்றலை பேண்டில் சிலோன் ஆங்கில ஒலிபரப்பு கிடைக்கும் இடத்திலேயே முள் நிற்கும். டயல் கயிறும் அந்த இடத்தில்தான் தேய்ந்திருக்கும். டிசம்பர் வந்தால் பெரம்பூரிலும் ராயபுரத்திலும் வீட்டுக்கு வீடு ஜிம் ரீவ்ஸின் கிறிஸ்துமஸ் பாட்டுதான். அப்படிக் கேட்டு வளர்ந்த காது அவருடையது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது.

ஆனால் அவர் ஹேங்க் வில்லியம்ஸையும் ஜிம் ரீவ்ஸையும் ஒரே வரிசையில் உட்கார வைக்கிறார் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஹேங்க் 1953 புத்தாண்டு அன்று, 29 வயதில் இறந்து போனார். அவர் பாட்டில் ஃபிடில் என்கிற நாட்டுப்புற வயலின் கீச்சிடும், ஸ்டீல் கிடார் அழும், குரல் மூக்கு வழியாக வரும். அதற்கு மூன்று நான்கு வருஷத்தில் எல்விஸ் பிரெஸ்லியின் ராக் அண்ட் ரோல் வந்து இளவட்டங்களை மொத்தமாக இழுத்துக்கொண்டது. கன்ட்ரி ரெக்கார்டு விற்பனை சரிந்தது. நாஷ்வில் நகரத்து ரெக்கார்டிங் ஆட்களான செட் அட்கின்ஸும் ஓவன் பிராட்லியும் ஒரு முடிவு எடுத்தார்கள். ஃபிடிலையும் ஸ்டீல் கிடாரையும் ஓரம் கட்டிவிட்டு, பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும் வயலின்களையும் கோரஸ் குரல்களையும் கொண்டுவந்தார்கள். நகரத்து டிராயிங் ரூமிலும் ஓட வேண்டும், பாப் ஸ்டேஷனிலும் ஓட வேண்டும் என்பதுதான் கணக்கு. இந்தப் பாணிக்கு 'நாஷ்வில் சவுண்ட்' என்று பெயர். அப்படியென்றால் என்ன என்று கேட்டபோது, காசுச் சத்தம்தான் என்கிற மாதிரி அட்கின்ஸ் பாக்கெட்டில் கைவிட்டுச் சில்லறையைக் குலுக்கிக் காட்டினார் என்று சொல்வார்கள்.

அந்தப் புது பாணியின் செல்லப்பிள்ளை ஜிம் ரீவ்ஸ். ஆரம்பத்தில் அவரும் உச்சஸ்தாயியில் உரக்கப் பாடியவர்தான். 1957 வாக்கில் மைக்குக்கு மிக அருகில் வந்து, காதோடு பேசுவது போலத் தாழ்ந்த குரலில் பாட ஆரம்பித்தார். பாடகர் ஆகும் முன் ரேடியோ அறிவிப்பாளராக இருந்தவர், மைக்கை எப்படிக் கையாள வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. 1964 ஜூலை 31 அன்று தானே ஓட்டிச் சென்ற சிறு விமானம் விழுந்து இறந்தார். அதற்குள் நம் பெரம்பூர் வரை வந்து சேர்ந்திருந்தார். ஹேங்க் வில்லியம்ஸின் ரசிகர்கள் அன்றைக்கு அந்தப் பாணியைப் பற்றிச் சொன்ன குறை, உங்கள் மாமனார் இன்று சொல்லும் அதே குறைதான்: இது பாப், இது கன்ட்ரி இல்லை.

இதைப் படித்துவிட்டு உங்கள் மகள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தாத்தாவின் காதுக்கு ஏதோ குறைகிறது என்றால், நிஜமாகவே ஒன்று குறைகிறது. 2010-களில் அமெரிக்க கன்ட்ரி ரேடியோவில் வந்தவற்றை நான் உட்கார்ந்து கேட்டேன். டிரம் மிஷின் தாளம், ஒரு டிரக், கையில் பீர், பக்கத்தில் ஒரு பெண், ஆற்றங்கரையில் பார்ட்டி. பாடுகிறவர் மாறுவார், பாட்டு மாறாது. யாருக்கு வேலை போனது, யார் வீட்டுக் கடன் கட்டவில்லை, யார் யாரை விட்டுப் போனார் என்ற சேதியே இல்லை. உழைக்கிறவன் வாழ்க்கையைச் சொல்லத்தானே அந்தப் பாட்டு பிறந்தது? இந்தக் கோபம் தாத்தாக்களுக்கு மட்டும் வந்ததில்லை. ரெக்கார்டு கம்பெனிகள் இருக்கும் நாஷ்வில்லின் 'மியூசிக் ரோ' பகுதியில் வைத்தே கன்ட்ரி இசையைக் கொன்றுவிட்டார்கள் என்று ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டும் ஆலன் ஜாக்சனும் 2000-ல் சேர்ந்தே ஒரு பாட்டுப் பாடினார்கள். இருவரும் அந்த ரேடியோவின் உச்ச நட்சத்திரங்கள்.

சண்டை இன்னும் ஓயவில்லை. 2025-ல் கிராமி விருதுக்காரர்கள் கன்ட்ரி ஆல்பத்துக்கான பரிசையே மரபு, நவீனம் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரே பந்தியில் உட்கார்ந்து சண்டை போடுவதுதான் நல்லது, உங்கள் வீட்டில் நடக்கிற மாதிரி. மகளை கிறிஸ் ஸ்டேபிள்டன் பாட்டு ஒன்றைத் தாத்தாவுக்குப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். இந்தக் காலத்து ஆள்தான், ஆனால் குரலில் பழைய வலி அப்படியே இருக்கிறது. மாமனார் பதிலுக்கு அந்தக் காலத்துப் பாடகி பேட்ஸி கிளைன் பாட்டைப் போடட்டும். அப்புறம் சோறு நிம்மதியாக இறங்கும்.

கே: ஸ்டீல் கிடார், ஸ்டீல் கிடார் என்று எழுதுகிறீர்கள். கம்பி எல்லா கிடாரிலும் ஸ்டீல்தானே? இதில் என்ன விசேஷம்?
— கல்லூரி மாணவர், கொருக்குப்பேட்டை

ப: கம்பியை வைத்து வந்த பெயர் இல்லை தம்பி. வாசிப்பவர் இடது கையில் பிடித்திருக்கும் இரும்புத் துண்டை வைத்து வந்தது. இந்த கிடாரை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதில்லை. மடியிலோ ஸ்டாண்டிலோ மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். விரலால் கம்பியை அழுத்தாமல், வழவழப்பான அந்த இரும்பைக் கம்பி மேல் லேசாக வைத்து நகர்த்துவார்கள். ஒரு சுரத்தில் இருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டே போகும். நம் காதுக்கு அது சட்டென்று பிடிப்பதற்குக் காரணம் இதுதான், கமகம் கேட்டுப் பழகிய காது நம்முடையது. பெடல் ஸ்டீல் என்றால் இன்னும் ஒரு படி மேலே. காலால் பெடலை மிதித்தால் ஒரு கம்பி மட்டும் இழுபட்டுச் சுரம் ஏறும், பக்கத்துக் கம்பி அசையாமல் நிற்கும். ஒரே நேரத்தில் ஒரு குரல் நின்று இன்னொரு குரல் விம்முகிற மாதிரி கேட்கிறதே, அது இப்படி வருவதுதான்.

இந்த வாத்தியம் ஹவாய் தீவில் இருந்து வந்தது. பெடல் வைத்த ஓசை கன்ட்ரி ரெக்கார்டுகளில் பிரபலமானது 1954-ல். நம் சென்னை வானொலி நிலையம் 1938-ல் தொடங்கியது. ஆக, 'பரம்பரை கன்ட்ரி ஓசை' என்று எல்லோரும் உருகுகிற அது, நம் வானொலியை விட வயதில் சின்னது. பேன்ஜோ என்கிற கம்பி வாத்தியம் ஆப்பிரிக்கர்களோடு வந்தது. 1925-ல் தொடங்கி இன்றும் நடக்கிற நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியில் ஆரம்பகால நட்சத்திரங்களில் ஒருவரான டிஃபோர்ட் பெய்லி ஒரு கறுப்பின மவுத் ஆர்கன் கலைஞர். யாராவது 'தூய கன்ட்ரி' என்று பேசினால் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

கே: ஜனங்கள் விரும்புவதைத்தானே ரேடியோ போடுகிறது? பழைய பாட்டு வரவில்லை என்றால் கேட்க ஆள் இல்லை என்று அர்த்தம். ஸ்டேஷன்காரர்களை ஏன் குறை சொல்ல வேண்டும்?
— வாசகர், அயனாவரம்

ப: நீங்கள் சொல்வது பாதி உண்மை ஐயா. போட்டால்தானே விரும்ப முடியும்?

அமெரிக்காவில் ஒரே கம்பெனி நாடு முழுக்க இத்தனை ஸ்டேஷன்தான் வைத்திருக்கலாம் என்று உச்சவரம்பு இருந்தது. 1996-ல் ஒரு சட்டம் போட்டு அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். சில வருஷங்களிலேயே ஒரு கம்பெனி கையில் 1,200-க்கு மேற்பட்ட ஸ்டேஷன்கள் போய்ச் சேர்ந்தன. ஊருக்கு ஊர் அறிவிப்பாளர் தன் ரசனைக்கு ஒரு பாட்டு எடுத்துப் போட்ட காலம் பெரும்பாலும் முடிந்தது. எங்கோ உட்கார்ந்து போடும் பட்டியல், எல்லா ஊருக்கும் அதே பட்டியல். 2015-ல் ஒரு ரேடியோ ஆலோசகர் பகிரங்கமாகவே சொன்னார்: கன்ட்ரி ஸ்டேஷனில் ஆண் பாடகர்கள்தான் சாலட் கீரை, பெண்கள் மேலே தூவும் தக்காளி, அதனால் பெண்கள் பாட்டைக் குறைத்துப் போடுங்கள் என்று. பாடகிகள் கொதித்துப் போனார்கள். இது ஜனங்கள் விருப்பமா, சொல்லுங்கள்.

நம் ஊர்க் கதையும் இதேதான். ஹார்மோனியம் வெளிநாட்டுப் பெட்டி, கமகம் பேசாது என்று 1940-ல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. தடை தளர 1971 ஆயிற்று. நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் அந்தப் பெட்டி இல்லாமல் பாட்டே கிடையாது. ரேடியோவில் மட்டும் இல்லை. 1952-ல் அமைச்சர் கேஸ்கர் காலத்தில் சினிமாப் பாட்டை ஒதுக்கினார்கள். ஜனங்கள் முள்ளைத் திருப்பி சிலோனுக்குப் போனார்கள். 1957-ல் விவித் பாரதி தொடங்கித்தான் அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அதிகாரி முடிவு செய்தார், இன்றைக்கு விளம்பரக் கணக்கு முடிவு செய்கிறது. இரண்டிலும் அயனாவரத்தில் உட்கார்ந்து கேட்கிறவரை யாரும் கேட்கவில்லை.

கே: பாப் பாடகி பியான்சே பாடியது கன்ட்ரியா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்.
— வாசகி, மூலக்கடை

ப: கன்ட்ரிதான். டெக்சாஸில் பிறந்து வளர்ந்தவர், பேன்ஜோ வைத்துப் பாடினார், 2025-ல் கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமியும் வாங்கினார். அதற்கு முந்தைய வருஷம் கன்ட்ரி சங்கத்தின் விருதுப் பட்டியலில் ஒரு பிரிவில்கூட அவர் பெயரைச் சேர்க்கவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

கே: நான் கானா பாடுகிறவன். கீபோர்டு, பேட் எல்லாம் வைத்து ஆல்பம் பண்ணி யூடியூபில் போடுகிறேன். எங்கள் ஏரியா பெரியவர் ஒருத்தர், "துட்டி வீட்ல விடிய விடிய உக்காந்து பாடாதவன் எல்லாம் கானா பாடகனா?" என்கிறார். உங்கள் கன்ட்ரி சண்டை மாதிரியே இருக்கிறது. நான் செய்வது தப்பா?
— இளைஞர், புளியந்தோப்பு

ப: தப்பே இல்லை தம்பி. ஆனால் அந்தப் பெரியவர் எதைச் சொல்கிறார் என்பதை நின்று கேட்க வேண்டும்.

மரண கானாவை நான் ஓட்டேரியில் நேரில் கேட்டிருக்கிறேன். பாடுகிறவர் வந்ததும் பாட ஆரம்பிக்க மாட்டார். முதலில் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே விசாரிப்பார். இறந்தவர் எங்கே வேலை பார்த்தார், எத்தனை பிள்ளைகள், எந்தப் பெண்ணை எங்கே கட்டிக் கொடுத்தார், யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார். அப்புறம் டோலக் எழும். பேரன் பெயர் பாட்டுக்குள் வரும், மில்லில் ஊதின சங்கு வரும், பேசாமல் இருந்த தம்பியின் பெயரும் வரும். அந்தத் தம்பி வாசலிலேயே உடைந்து அழுததைப் பார்த்தேன். அந்தப் பாட்டு அந்த வீட்டுக்கு மட்டுமே செல்லும், அடுத்த தெருவுக்குக்கூட ஆகாது. உங்கள் பெரியவர் காப்பாற்றச் சொல்வது அந்த விசாரிப்பைத்தான் என்று நான் நினைக்கிறேன். கீபோர்டு வைத்துக்கொண்டும் அதைச் செய்யலாம். டோலக் வைத்துக்கொண்டு அதைச் செய்யாமலும் விடலாம்.

ரேடியோ விஷயத்தில் கானாவுக்கு நடந்தது கன்ட்ரிக்கு நடந்ததை விட மோசம். 2003-ல் தனியார் பண்பலைகள் சென்னைக்கு வந்தபோது வடசென்னையில் எத்தனையோ கானா பாடகர்கள் இருந்தார்கள். பண்பலையில் ஓடியது சினிமாப் பாட்டுதான். தேவாவின் இசையில் வந்த கானாக்கள் ஓடின. 2006-ல் கானா உலகநாதன், 2012-ல் கானா பாலா என்று சினிமா வழியாக வந்தவர்களின் பாட்டு ஊரெல்லாம் ஓடியது. சினிமாவுக்குள் போகாமல் கானா ரேடியோவுக்குள் நுழைவது அபூர்வம். 2018-ல் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடையேறியபோது கானாவோடு ராப், ராக் எல்லாம் சேர்ந்து வந்தது, முகம் சுளித்தவர்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பாட்டில் சேதி இருந்தது, பாடியவர்கள் தங்கள் தெருவைப் பாடினார்கள்.

ஒரு வேலை சொல்கிறேன், இந்த வாரமே செய்யுங்கள். அந்தப் பெரியவரிடம் போய் அவருக்கு நினைவில் இருக்கும் பாட்டுகளைப் பாடச் சொல்லி உங்கள் போனில் பதியுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், போனை அவர் வாய்க்கு ஒரு முழம் தள்ளி ஒரு துணி மேல் வையுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் யாருக்காகப் பாடியது, எந்தத் தெரு, எந்த வருஷம் என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். டோலக் நீங்களே வாசிக்கலாம், அவருக்குப் பிடிக்கும். அவர் சம்மதித்தால் ஒரு பிரதியை எனக்கும் அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த வானொலிக்காரர்களிடம் நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.