மருத்துவர் பதில்: மார்கழிக் குளிரில் வெளுக்கும் விரல்கள்

கேள்வி: எனக்கு வயது 56. ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். சிறுவயதிலிருந்தே தூண்டில் போடும் பழக்கம் உண்டு. மூன்று வருடங்களாக மார்கழி, தை மாதக் காலைகளில் குட்டையில் இறங்கி மீன் பிடித்தால், வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வெளுத்து மரத்துப்போகின்றன. அப்புறம் நீலமாகி, சிவந்து, குத்தலெடுக்கிறது. பத்து வருடங்களாக நானேதான் மெஷினில் புல் வெட்டுகிறேன். ரத்தக் கொதிப்புக்கு அட்டினலால் சாப்பிடுகிறேன். அமெரிக்காவில் கொலராடோவில் இருக்கும் மகன், வரும் ஜனவரியில் ஆற்றில் நின்று டிரவுட் பிடிக்கலாம் என்று அழைக்கிறான். விரல் விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. குளிர் எனக்குப் பழக்கம்தானே, போகலாமா?

பதில்: போகலாம் ஐயா. ஆனால் அந்த இரண்டு விரல்களையும் பார்க்காமல் தண்ணீரில் இறங்கக் கூடாது.

வெளுப்பு, நீலம், சிவப்பு என்று நீங்கள் வரிசையாக எழுதியிருப்பதே பாதி நோயறிதல். குளிர் பட்டதும் விரலுக்குப் போகும் சிறு ரத்தக்குழாய்கள் இறுகிக்கொள்கின்றன. விரல் சுண்ணாம்பு தடவினாற்போல் வெளுக்கிறது. அங்கேயே தங்கிய ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது நீலம். குழாய் திறந்து ரத்தம் பாயும்போது சிவப்பும் குத்தலும். 1862-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மொரிஸ் ரேனோ பெயரால் இதை ரேனோ என்கிறோம்.

இளம்பெண்களுக்கு இரண்டு கைகளிலும் வருகிற ரேனோ பெரும்பாலும் தொந்தரவில்லாதது. ஐம்பதைத் தாண்டியபின் புதிதாக, அதுவும் ஒரு கையில் மட்டும் வந்தால் காரணம் தேட வேண்டும். உங்கள் கடிதத்தில் இரண்டு காரணங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன.

முதலாவது புல் வெட்டும் மெஷின். அதன் அதிர்வு வருடக்கணக்கில் கைப்பிடி வழியாக ஏறினால் விரலின் ரத்தக்குழாயும் நரம்பும் கெடும். மரம் அறுக்கும் மெஷின், பாறை துளைக்கும் டிரில் பிடிப்பவர்களுக்கும் இதேதான். வெளுப்பு விரல் நுனியில் தொடங்கி, வருடம் போகப்போக ஒவ்வொரு கணுவாகக் கீழே இறங்கும். கோடு கிழித்தாற்போல் ஓரிடத்தில் நிற்கும். அடுத்த முறை வெளுக்கும்போது செல்போனில் ஒரு படம் எடுங்கள். கிளினிக்குக்கு வருவதற்குள் நிறம் திரும்பிவிடும், அதனால் படம்தான் சாட்சி. இந்த சீசனிலிருந்தே மெஷினை வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள். தொடர்ந்தால் பாதிப்பு கூடிக்கொண்டே போகும்.

இரண்டாவது அட்டினலால். அந்த வகை மாத்திரைகள் கைகால்களைச் சில்லிட வைக்கும், ரேனோவை அதிகமாக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம். உங்கள் மருத்துவர் படிப்படியாகக் குறைத்து அம்லோடிபின் போன்றதற்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பார். கொதிப்புக்கும் ஆகும், விரல்களுக்கும் நல்லது. பீடி, சிகரெட் பற்றி எழுதவில்லை. இருந்தால் இன்றே விடுங்கள்.

இருபது வளைவு இறங்கி ஒரு நாள் சேலம் வாருங்கள். இரண்டு கை நாடியும் சமமாக அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்குகிறதா என்று பார்க்க உதவும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை, சர்க்கரை, இ.சி.ஜி. மூன்றும் வேண்டும். விரல் நுனியில் புண் வந்தாலோ, தோல் இறுகினாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம், உடனே வாருங்கள்.

இனி ஆறு. ஏற்காட்டில் மார்கழிக் காலையில் காற்று 12, 13 டிகிரிக்கு இறங்கும், குட்டைத் தண்ணீர் அதைவிட வெதுவெதுப்பாகவே இருக்கும். கொலராடோவில் குளிர்காலத்தில் டிரவுட் பிடிப்பது பெரும்பாலும் அணைகளுக்குக் கீழே, மேட்டூரைத் தாண்டிய காவிரி மாதிரி. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அது அணையின் அடியில் தங்கும், அதைத்தான் திறந்துவிடுகிறார்கள். ஆறு உறையாது, மீனும் கிடைக்கும், ஆனால் நீங்கள் பழகிய குளிர் அது இல்லை. அதே குளிர்ச்சியுள்ள காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும்.

அங்கே முதலில் கைவிடுவது கைதான். தவறி விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு வாங்கித் திணறும். அந்த நேரத்தில் நீந்தப் போராடாமல் மூச்சைச் சீராக்குவதே வேலை. அப்புறம் சுமார் பத்து நிமிடம்தான் கையும் காலும் சொன்னதைக் கேட்கும். உடல் முழுதும் சில்லிட்டு நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகலாம், ஆனால் கரையைப் பிடித்து ஏற முடியாதவருக்கு அந்த ஒரு மணி நேரத்தால் என்ன பயன்? அதனால் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். நீர் புகாத கால்சட்டைக்கு மேல் இடுப்பில் பெல்ட்டை இறுக்குங்கள், லைஃப் ஜாக்கெட் போடுங்கள். பிடித்த மீனை வெறுங்கையால் தண்ணீரிலிருந்து எடுப்பதை மகனிடம் விட்டுவிடுங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லையா, தங்கூஸில் முடிச்சு போட வரவில்லையா, உடனே கரை ஏறுங்கள். ஈரக் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை அக்குளில் வையுங்கள், அல்லது இளஞ்சூட்டுத் தண்ணீரில். நெருப்பில் காட்டாதீர்கள், மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். குளிருக்கு ஒரு பெக் என்று யாராவது ஊற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மது தோலுக்கு ரத்தத்தைத் தள்ளும், சூடேறியது போலிருக்கும், உள்சூடு வெளியே போய்விடும்.

மகனிடம் இன்று இரவே போனில் சொல்லுங்கள், விரல் படத்தையும் அனுப்புங்கள். ஆற்றில் உங்கள் பக்கத்தில் நிற்கப்போவது அவர்தான். வெளுத்த விரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.