சோப்பு வெட்டுவதைப் பார்த்தால் மனம் ஏன் அமைதியாகிறது? – கேள்வி பதில்

கல்லூரியில் உளவியல் பாடம் நடத்துபவள் என்ற முறையில், பார்க்கப் பார்க்க மனத்துக்கு இதமளிக்கும் காணொளிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (வங்கி ஊழியர், ஈரோடு): வேலை முடிந்து வந்ததும் சோப்புக் கட்டியை மெல்லிய துண்டுகளாக வெட்டுவது, அழுக்கேறிய தரைவிரிப்பைக் கழுவுவது போன்ற காணொளிகளைப் பார்க்கிறேன். அந்த விரிப்பு என்னுடையதும் இல்லை, அதனால் எனக்கு ஒரு காசு லாபமும் இல்லை. பிறகு எதற்கு இத்தனை நிம்மதி, மேடம்?

பதில்: விரிப்பு உங்களுடையதாக இல்லாததே நிம்மதியில் பாதி. உங்கள் வீட்டு விரிப்பாக இருந்திருந்தால் தண்ணீர்ச் செலவும், மழைக்கு முன் காயுமா என்ற கவலையும், இடுப்பு வலியும் கூடவே வந்திருக்கும்.

மீதிப் பாதியை அறியக் காணொளியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சேறு படிந்து நிறமே தெரியாமல் கிடக்கும் விரிப்பில் நுரை பொங்கத் தேய்த்துவிட்டு, ரப்பர் விளிம்பு வைத்த வைப்பரை ஒருவர் தம்மை நோக்கி இழுக்கிறார். பழுப்பு நீர் ஓரமாக வழிந்தோட, வைப்பர் போன தடத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்பு தெரிகிறது. அந்த ஒரு பட்டையைக் கண்டதுமே, அடுத்த இழுப்பு எங்கே விழும், எவ்வளவு சிவப்பு வெளிப்படும் என்று மனம் கணித்துவிடுகிறது. இரண்டே நொடியில் கணிப்பு பலித்தும் விடுகிறது. நீங்கள் மேலிடத்துக்கு அனுப்பிய ஒரு கடன் விண்ணப்பத்தின் கதி தெரிய எத்தனை நாள் காத்திருக்கிறீர்கள் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முடிவடையாத வேலை மனத்தை உறுத்தும் என்பது பழைய செய்தி. பெர்லினில் உளவியலாளர் குர்ட் லெவினிடம் பயின்ற புளூமா சீகார்னிக், களிமண் பொம்மை செய்தல், புதிர் விடுவித்தல் போன்ற சிறு வேலைகளைக் கொடுத்து, பாதியை நடுவில் நிறுத்தச் செய்தார். நிறுத்தப்பட்ட வேலைகளே கூடுதலாக நினைவில் நின்றன என்று 1927இல் எழுதினார். நினைவு பற்றிய அந்த முடிவு பிற்காலச் சோதனைகளில் எல்லா இடத்திலும் அப்படியே வரவில்லை. ஆனால் அதே குழுவைச் சேர்ந்த மரியா ஓவ்சியான்கினா 1928இல் காட்டிய இன்னொன்று உறுதியாக நிற்கிறது: இடையில் விட்ட வேலையை, யாரும் சொல்லாமலே, மனிதர்கள் மறுபடி எடுத்துச் செய்ய முனைகிறார்கள். பாதி வெளுத்த விரிப்பை விட்டு உங்கள் கண் நகர மறுப்பதும் இந்த வகைதான் என்பது என் கருத்து.

கேள்வி (கல்லூரி மாணவர், திருநெல்வேலி): எல்லாவற்றுக்கும் காரணம் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள்தான் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாமே?

பதில்: சொல்லலாம், ஆனால் விடைத்தாளில் மதிப்பெண் போட மாட்டேன். நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துச் செய்த ஆய்வுகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சாறு எதிர்பாராமல் கிடைத்தபோது டோபமின் நரம்பணுக்கள் துடித்தெழுந்தன. ஒரு சைகைக்குப் பின் சாறு வரும் என்று பழகியதும், அந்தத் துடிப்பு சைகைக்கே இடம் மாறியது. எதிர்பார்த்த சாறு எதிர்பார்த்தபடி வந்த கணத்தில் புதிதாக எந்த எழுச்சியும் இல்லை. 1997இல் வெளியான அந்தக் கணக்கின்படி பார்த்தால், நாம் நினைத்த இடத்திலேயே கத்தி இறங்குகிற சோப்புக் காணொளியில் டோபமின் பெருகியோட வேண்டிய அவசியமே இல்லை.

இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை ரேபர், ஷ்வார்ஸ், விங்கீல்மன் ஆகிய உளவியலாளர்கள் மூவர் 2004இல் முன்வைத்தனர். ஒன்றை மூளை எவ்வளவு தடையின்றி உள்வாங்குகிறதோ, அவ்வளவுக்கு அது அழகாகப் படுகிறது என்பது அவர்கள் வாதம். இரு பக்கமும் ஒத்த வடிவம், தெளிவான நிற வேறுபாடு, ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வரும் அசைவு ஆகியவை எல்லாம் அந்தத் தடையைக் குறைப்பவை. அதற்காக வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. சிக்கல் அறவே இல்லாததும் சலிக்கும், மிகுந்ததும் சலிக்கும், நடுத்தரமே இனிக்கும் என்று உளவியலாளர் டேனியல் பெர்லைன் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே எழுதிவைத்தார்.

கேள்வி (இல்லத்தரசி, யாழ்ப்பாணம்): வணக்கம் ரீச்சர். யாராவது மெல்லக் கிசுகிசுக்கும் காணொளியைக் கேட்டால் உச்சந்தலையிலிருந்து பிடரி வழியாக ஒரு சிலிர்ப்பு இறங்குகிறது. எனது கணவருக்கு அப்படி ஒன்றும் இல்லையாம். என்னைக் கேலி செய்கிறார். இதுவும் அந்த விரிப்புக் காணொளி போன்றதுதானா?

பதில்: இரண்டும் பக்கத்து வீடுகள், ஆனால் ஒரே வீடு இல்லை. நீங்கள் சொல்லும் சிலிர்ப்புக்கு ஏஎஸ்எம்ஆர் என்ற பெயர் 2010இல்தான் சூட்டப்பட்டது. இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தார் இதை உணர்கிற 475 பேரிடம் கேட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில், கிசுகிசுப்பே பலருக்கும் முதல் தூண்டுகோலாக இருந்தது; நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் உறக்கத்துக்காக அதைக் கேட்பதாகச் சொன்னார்கள். 2018இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆய்வில், உணர்பவர்களின் இதயத் துடிப்பு காணொளியைப் பார்க்கையில் நிமிடத்துக்குச் சராசரியாக மூன்று துடிப்பு அளவுக்குத் தணிந்தது. எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்பதும் உண்மை. ஆகவே உங்கள் கணவரும் பொய் சொல்லவில்லை, நீங்களும் பிசகிப் போய்விடவில்லை.

கேள்வி (லேத் பட்டறைக்காரர், கோவை): இதமானது சரி. பொருள்களை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து நசுக்குவதையும் ஏன் ரசிக்கிறோம்?

பதில்: பின்லாந்தின் தாம்பரே நகரிலிருந்து 2015இல் தொடங்கிய ஒரு யூடியூப் சேனல் இதை உலகெங்கும் பரப்பியது. நசுங்குவது மட்டும் உறுதி. எப்படி நசுங்கும் என்பதுதான் தெரியாது. அந்தச் சின்னச் சந்தேகம்தான் சுவை. உங்கள் பட்டறையிலேயே இருந்தால் கண்ணாடி அணிந்து தள்ளி நிற்க வேண்டியிருக்கும். திரையில் பார்ப்பவருக்கு அந்தப் பயமும் இல்லை.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை): மொறுமொறுவென்று மெல்லும் ஓசையைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இது நோயா?

பதில்: மிசோபோனியா என்று 2001இல் இதற்கொரு பெயர் வைத்தார்கள். குடும்பத்தாரோடு ஒரே பந்தியில் உட்கார முடியாத அளவுக்குப் போனால் மருத்துவரைப் பாருங்கள் ஐயா. இல்லையென்றால் அந்தக் காணொளியைத் தள்ளிவிட்டால் போதும்.

கேள்வி (மென்பொருள் பணியாளர், சென்னை): பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் தூங்கலாம் என்று படுத்தால் நள்ளிரவு தாண்டிவிடுகிறது. அமைதி தருவது எப்படி என்னைப் பிடித்து வைக்கிறது?

பதில்: காணொளி முடிகிறது, வரிசை முடிவதில்லை. பத்தில் மூன்றுதான் மனத்துக்குப் பிடித்ததாக அமைகிறது, அது எந்த மூன்று என்பது விரலால் தள்ளும் வரை தெரியாது. எத்தனையாவது முயற்சிக்குப் பலன் என்று தெரியாத நிலையில்தான் விலங்குகள் விடாமல் முயல்கின்றன என்பதை உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் விரிவாகப் பதிவு செய்தார்கள். போதாக்குறைக்குச் சிலர், கடைசித் துண்டு விழுவதற்கு ஒரு நொடி முன்பாகவே காணொளியை வெட்டி, முதலிலிருந்து ஓட விடுகிறார்கள். இதை நான் அயோக்கியத்தனம் என்றே சொல்வேன். கிண்ணம் வனையும் காணொளி ஒன்று அப்படிச் சுற்றிச் சுற்றி வந்ததில், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றவள் நான். நீளமான ஒரே காணொளியைத் தேர்ந்து, அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டுப் பாருங்கள். முடிவு என்று ஒன்று கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, கும்பகோணம்): சிக்குக் கோலக் காணொளிகளை நானும் அம்மாவும் சேர்ந்து பார்ப்போம். எனக்குக் கோலம் வராது. அம்மாவுக்குக் கை வந்த கலை. இருவரும் காண்பது ஒன்றுதானா?

பதில்: ஒன்று இல்லை. புள்ளிகளைச் சுற்றி வளையும் கோடு எந்தப் பக்கம் திரும்பும் என்று கண் முன்கூட்டியே ஓடுவது உங்கள் இருவருக்கும் பொது. வளைந்து செல்லும் கோடு அதே போக்கில் தொடரும் என்று கண் எடுத்துக்கொள்வதை உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923இலேயே விதியாக எழுதினார். கோலத்துக்குள் இருக்கும் இந்த ஒழுங்கு கணிதத்துக்கும் தீனி போட்டது: சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து 1974இல் கோலத்துக்குக் கணினி இலக்கணமே வகுத்தார்கள்.

வேறுபாடு கையில் இருக்கிறது. லண்டனில் 2005இல் வெளியான ஆய்வொன்றில், பாலே ஆடுபவர்களுக்கும், பிரேசிலின் தற்காப்பு ஆட்டமான கப்போய்ரா ஆடுபவர்களுக்கும் இரு வகை ஆட்டங்களையும் காட்டினார்கள்; தாம் பயின்ற ஆட்டத்தைக் கண்டபோதே அவர்கள் மூளையில் அசைவுக்குரிய பகுதிகள் கூடுதலாக இயங்கின. உங்களுக்குக் கோடு தெரிகிறது. உங்கள் அம்மாவுக்கு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாவு நழுவும் அளவும், வளைவில் மணிக்கட்டைத் திருப்ப வேண்டிய இடமும் சேர்ந்தே தெரிகின்றன. அடுத்த முறை பார்க்கும்போது திரையை விட்டுவிட்டு, அவருடைய வலக்கை விரல்களைக் கவனியுங்கள்.